சூப்பர் ஹீரோ நாய்களை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைகளுக்கான சூப்பர் ஹீரோ நாய்க் கார்ட்டூன்களை எழுதுகிற, வரைகிற, குரல் கொடுக்கிற அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நாய்க் குழுவை உருவாக்க உட்காரும்போது நீங்கள் முதலில் எழுதுவது எது? சக்திகளின் பட்டியலா, நாய்களின் குணமா? திரையில் வருவதைப் பார்த்தால், பல சமயம் பட்டியல்தான் முந்திக்கொள்கிறது என்று தோன்றுகிறது. ஒருவன் பறப்பான், ஒருவன் நெருப்பு விடுவான், ஒருவன் பாறையைத் தூக்குவான், ஒருவன் கண்ணுக்குத் தெரியாமல் மறைவான். அப்புறம் ஒவ்வொரு சக்திக்கும் ஒரு நாய், ஒவ்வொரு நாய்க்கும் ஒரு நிறம். குணம் என்று கடைசியில் மிஞ்சுவது ‘இவன் தைரியசாலி, இவன் குறும்புக்காரன்’ என்கிற ஒற்றை வரிதான். இந்த வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். சக்தி நாயின் குணத்திலிருந்து முளைக்க வேண்டும். முளைத்த பிறகு அதே குணத்தோடு மோதவும் வேண்டும். குழந்தைகள் உங்கள் நாய்களிடம் மனதைக் கொடுப்பது அந்த மோதலைப் பார்த்துத்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பா பேட்ரோலிலிருந்தே தொடங்குகிறேன். கீத் சாப்மேன் உருவாக்கிய இந்தக் கனடா நாட்டுத் தொடர் 2013இல் ஒளிபரப்புக்கு வந்தது. பத்து வயது ரைடர், அவனுடைய ஆறு நாய்க்குட்டிகள், அட்வென்ச்சர் பே என்கிற கடலோர ஊர். முதல் சில வருடங்கள் அந்தக் குட்டிகளுக்கு அதிசய சக்தி எதுவும் கிடையாது. ஆளுக்கொரு வண்டி, முதுகில் ஆளுக்கொரு கருவிப்பை, அவ்வளவுதான். ஆனால் அந்த வருடங்களில் எழுத்தாளர்கள் அருமையான ஒரு காரியம் செய்திருந்தார்கள். கிட்டத்தட்ட ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வேலையைக் கொடுத்த கையோடு ஒரு தொந்தரவையும் கொடுத்திருந்தார்கள். போலீஸ் நாயான சேஸுக்குப் பூனை பக்கத்தில் வந்தாலே தும்மல். தீயணைப்பு நாயான மார்ஷல் லிஃப்டுக்குள் ஓடி வரும்போது தடுக்கி விழுந்து மற்றவர்களையும் சாய்த்துவிடுவான். ஹெலிகாப்டர் ஓட்டும் ஸ்கைக்குக் கழுகைக் கண்டால் பயம். கட்டட வேலை பார்க்கும் ரப்பிளுக்குச் சிலந்தி என்றால் நடுக்கம். பழைய சாமான்களைச் சேர்த்துப் புதிதாக்கும் ராக்கிக்கு உடம்பு நனைவது பிடிக்கவே பிடிக்காது.

2018இல் அதே குட்டிகளை வைத்து மைட்டி பப்ஸ் என்கிற கதை வந்தது. ஊரில் ஒரு விண்கல் விழுந்து, குட்டிகளுக்குச் சக்தி கிடைக்கிறது. அந்தக் கதை குழந்தைகளிடம் அப்படி ஒட்டிக்கொண்டதற்கு விண்கல்லோ பளபளக்கும் புது உடுப்போ மட்டும் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து வருடமாகத் தெரிந்த நண்பர்களுக்கு ஒரே நாளில் சக்தி வந்தது என்பதுதான் அதில் விஷயம். மார்ஷல் பாதத்திலிருந்து நெருப்பு வரும்போது, ‘ஐயோ, இவன் தடுக்கி விழுவானே!’ என்று குழந்தை உடனே பதறுகிறது. அந்தப் பதற்றத்தை எந்த விண்கல்லாலும் தர முடியாது. முன்பு எழுதிய கதைகள் தந்தது அது.

மார்ஷலைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச ஆசை. இந்த வகைக் கார்ட்டூன்களில் வந்த குணத்துக்கும் சக்திக்கும் இடையிலான பொருத்தங்களிலேயே அவனுடையதுதான் மிக ஆழமானது. நெருப்பை அணைப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவன் கையில் நெருப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அதோடு அவன் தடுமாற்றக்காரன். இதுவரை அவன் விழுந்தால் அடிபட்டது பெரும்பாலும் அவனுக்குத்தான். எழுந்து, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிச் சிரித்துவிடுவான். மற்றவர்களும் சிரிப்பார்கள். பாதத்தில் நெருப்பு வந்த பிறகு அதே விழுதலில் இன்னொருவருக்கு அடிபடலாம். ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்பது இனி போதாது, ‘உனக்கு ஏதாவது ஆச்சா?’ என்று அவன் கேட்டாக வேண்டும். இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். தம்பி தங்கை பிறந்த பிறகு ஒவ்வொரு குழந்தையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிற பாடம் இது. ஓடிப் பிடித்து விளையாடும்போது தன் உடம்பு இன்னொருவரை இடிக்கும் என்று தெரிந்துகொள்வது. அதை ஒரு டால்மேஷியன் குட்டியை வைத்து, ஒரு வார்த்தை அறிவுரை இல்லாமல் காட்டிவிட முடியும். இவ்வளவு வளமான நிலத்தை வைத்துக்கொண்டு, பல காட்சிகளில் அவனை வெறுமனே நெருப்பு உருண்டை எறிகிறவனாக விட்டுவிடுகிறீர்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

ஸ்கை விஷயத்தில் உங்கள் தரப்பிலேயே ஒரு நல்ல முன்னேற்றம் நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 2018இல் அவளுக்குக் கிடைத்தது பறக்கும் சக்தியும் சுழல்காற்றும். அவள்தான் ஏற்கெனவே ஹெலிகாப்டரில் பறந்துகொண்டிருந்தாளே! இருந்ததையே திரும்பக் கொடுத்தால் அதில் கதை எங்கிருந்து வரும்? 2023இல் வந்த மைட்டி மூவியில் பறப்பதோடு சேர்த்து அபார உடல்வலுவையும் கொடுத்தார்கள். கூடப் பிறந்த குட்டிகளிலேயே அவள்தான் மிகச் சிறியவள், அந்தக் குறை அவள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது என்பதை அந்தப் படம் அடித்தளமாக வைத்துக்கொண்டது. அதனால் அவள் ஒரு கனமான பொருளைத் தூக்கும்போது அது வெறும் சாகசமாக நிற்கவில்லை. இவ்வளவு நாள் தன்னை யாரும் நம்பவில்லை என்ற ஆற்றாமையும் அதோடு சேர்ந்து மேலே வருகிறது. தன்னிடம் இல்லாத ஒன்றுக்காக ஏங்கிய நாய்க்கு அதுவே சக்தியாகக் கிடைத்தால், அது கிடைக்காமலேயே போனால், கிடைத்துப் பறிபோனால் என்று கதை தானாகக் கிளை விடும்.

ஆனால் கழுகுப் பயத்தை மறந்துவிடாதீர்கள். ஹெலிகாப்டரில் பறந்தபோது அவளுக்கும் கழுகுக்கும் நடுவில் கண்ணாடி இருந்தது. சொந்த உடம்பால் பறக்கும்போது கண்ணாடி இல்லை. வலு கூடியிருக்கிறது, பாதுகாப்பு குறைந்திருக்கிறது. சக்தி வந்ததும் பழைய பயம் பெரிதாவது எவ்வளவு உண்மையான விஷயம்! அதை ஒரு முழு அத்தியாயமாக எழுதினால் குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

சேஸ் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அவனுக்குக் கிடைத்தது வேகம். அவன் ஜெர்மன் ஷெப்பர்டு. ஓட்டத்தில் பெயர் பெற்ற நாய் கிரேஹவுண்ட், மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொடும். இனத்தை வைத்துப் பார்த்தால் சேஸுக்கு வேகம் பொருந்தவில்லை என்று சொல்லலாம், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இனம் கதைக்குக் கைவிலங்காகிவிடக் கூடாது. என் கேள்வி வேறு. சேஸ் ஒழுங்குக்காரன். ரைடர் கூப்பிட்டால் வந்து நேராக நிற்பவன், விதியை மீறாதவன், பொறுப்பு முழுவதும் தன் தோளில் என்று நினைப்பவன். இப்படிப்பட்டவனுக்கு மின்னல் வேகம் கிடைத்தால் என்ன ஆகும்? எல்லா இடத்துக்கும் முதலில் போய்ச் சேருவான். அதாவது எல்லா இடத்துக்கும் தனியாகப் போய்ச் சேருவான். மற்றவர்கள் வருவதற்குள் தானே முடித்துவிடலாம் என்று தோன்றும். ஒரு குழுவின் முன்வரிசையில் நிற்பவனுக்கு இதைவிட ஆபத்தான ஆசை இருக்க முடியாது. அவன் நின்று காத்திருக்கக் கற்றுக்கொள்வதுதான் சேஸின் உண்மையான வீரக் கதை. இரண்டு நிமிடம் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் சேஸை வரைந்து பாருங்கள், அவன் வாலின் நுனி மட்டும் துடித்துக்கொண்டிருக்கட்டும்.

ராக்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவனை நீங்கள் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். மைட்டி பப்ஸில் பாதத்திலிருந்து வேண்டிய கருவியை ஒளியால் உண்டாக்கினான். 2023 படத்தில் காந்த சக்தி. எதையும் தூக்கி எறிய மனமில்லாதவனுக்கு எல்லா இரும்பையும் தன் பக்கம் இழுக்கிற சக்தி! அவன் சுபாவமே சக்தியாக மாறிவிட்டது. விட மனமில்லாதவன் ஒன்றை விட்டால்தான் நண்பனைக் காப்பாற்ற முடியும் என்கிற நெருக்கடியை மட்டும் அவனுக்கு எப்போதாவது கொடுங்கள்.

ஜூமா? அவனுக்காகக் கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது. ஆறு பேரில் மிகக் குறைவாகக் கவனிக்கப்பட்டவன் அவன்தான் என்று நினைக்கிறேன். சேஸுக்கு எது ஒத்துக்கொள்ளாது, ரப்பிள் எதைக் கண்டு நடுங்குவான் என்று கேட்டால் குழந்தைகள் உடனே சொல்வார்கள். ஜூமாவின் பலவீனம் என்ன என்று கேளுங்கள், சட்டென்று பதில் வராது. அவன் சாக்லேட் நிற லாப்ரடார். இந்த இனத்தின் முன்னோர்கள் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையில் மீனவர்களோடு வேலை பார்த்த நாய்கள். குளிர்ந்த கடலில் குதித்து, தப்பிய மீனையும் வலைக் கயிற்றையும் இழுத்து வந்தவை. நீர் ஒட்டாத அடர்ந்த மயிரும், விரல்களுக்கு நடுவில் சவ்வும், துடுப்புப்போலப் பயன்படும் தடித்த வாலும் அந்த வழியில் வந்த சொத்து. ஜூமாவுக்கு 2018இல் நீரைக் கட்டுப்படுத்தும் சக்தி, 2023 படத்தில் தானே நீராக மாறும் சக்தி. இரண்டாவது யோசனை அபாரமானது. ஆனால் அதற்கு அடியில் குணம் என்று ஒன்று வைக்கப்படவில்லை. எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஜூமா எதையும் இலகுவாக எடுத்துக்கொள்பவன், யார் என்ன சொன்னாலும் சரி சரி என்று போகிறவன். அப்படியென்றால் அவனுக்கென்று சொந்த விருப்பம் உண்டா? தண்ணீருக்கும் சொந்த வடிவம் கிடையாது, ஊற்றிய பாத்திரத்தின் வடிவம்தான். முடிவெடுக்கத் தெரியாமல் தவிக்கும்போதெல்லாம் ஜூமாவின் உடம்பு கரையத் தொடங்கினால்? ‘எனக்கு இது வேண்டாம்’ என்று வாழ்க்கையில் முதல் முறையாக அவன் சொல்லும்போதுதான் திரும்ப நாயாக உறைந்து நின்றால்? எல்லோருக்கும் தலையாட்டிப் பழகிய குழந்தைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு நாய் வேண்டாமா?

இரட்டையர்களை எண்ணிப் பார்க்கும்போது மனம் குளிர்கிறது. எல்லா என்கிற பெண் குட்டியும் டக் என்கிற ஆண் குட்டியும் மைட்டி பப்ஸ் தொடர்ச்சியில் வந்த கோல்டன் ரெட்ரீவர்கள். அவள் மலைபோல வளர்வாள், அவன் எறும்பளவு சுருங்குவான். ஒரே வீட்டில் பிறந்த அக்கா தம்பி, அண்ணன் தங்கை எல்லோருக்கும் தெரிந்த அந்த உரசல் இதில் அப்படியே இருக்கிறது. ஒருத்தி அறை முழுவதையும் எடுத்துக்கொள்கிறாள், ஒருவன் யார் கண்ணிலும் படாமல் போகிறான். சக்தியைத் தனித்தனியாக யோசிக்காமல் ஓர் உறவாக யோசித்திருக்கிறார்கள். குழு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஒருவனுடைய சக்தி இன்னொருவனைத் தொந்தரவு செய்ய வேண்டும், அல்லது இன்னொருவனுக்குத் தேவைப்பட வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு ஒளிக்கற்றையை ஒரே திசையில் விடுவதைக் குழு வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது இன்றைக்கு வந்த பிரச்சினையும் இல்லை. 1955இல் அட்வென்ச்சர் காமிக்ஸ் 210ஆம் இதழில் சூப்பர்மேனின் நாய் க்ரிப்டோ முதன்முதலாக வந்தான், ஓட்டோ பைண்டர் எழுத, கர்ட் ஸ்வான் வரைய. சூப்பர்மேனிடம் என்னென்ன உண்டோ அத்தனையும் அவனிடமும் உண்டு: பறப்பது, கண்ணால் சுடுவது, அசுர வலு. எல்லாம் இருக்கிற ஒரு நாயைச் சுற்றிக் குழு அமைப்பது கஷ்டம், மற்றவர்களுக்கு வேலையே இருக்காது. 1966இல் அதற்கு ஒரு வேடிக்கையான வழி கண்டுபிடித்தார்கள். விண்வெளியில் ரோந்து போகும் ஒரு நாய்ப்படையை உண்டாக்கி, ஆளுக்கு ஒரே ஒரு விசித்திர சக்தி என்று வைத்தார்கள். 2005இல் வந்த க்ரிப்டோ கார்ட்டூன் தொடரில் அந்தப் படை டாக் ஸ்டார் பேட்ரோல் என்ற பெயரில் திரும்ப வந்தது. வாலைக் கயிறுபோல நீட்டும் டெயில் டெரியர், கொம்பு முளைக்கும் புல் டாக், உடம்பு கொதிக்கும் ஹாட் டாக், ஒரு பல்லைத் தந்தம்போல நீட்டும் டஸ்கி ஹஸ்கி, மனதாலேயே வேலை செய்யும் பிரெய்னி பார்க்கர், ஊதிப் பெருக்கும் மாமத் மட். முதல் பார்வைக்கு இவை கோமாளிச் சக்திகள். ஒருவனாலும் தனியாக உலகத்தைக் காப்பாற்ற முடியாது. அதனாலேயே எனக்கு இந்தப் படையை மிகவும் பிடிக்கும். சின்ன சக்தி உள்ளவனுக்கு மூளையும் தேவைப்படுகிறது, நண்பனும் தேவைப்படுகிறான்.

அதிலும் மாமத் மட். கையில் அடங்குகிற சின்ன நாய், மூச்சை இழுத்தால் பலூன்போல வீங்கிப் பெரிதாகிவிடுகிறாள். சின்ன நாய்கள் பெரிய நாயைப் பார்த்துக் குரைப்பதைக் கவனித்திருப்பீர்கள். உடம்பு நடுங்கும், மயிர் சிலிர்த்து நிற்கும், குரல் மட்டும் இரண்டு மடங்காகும். பயந்தவள் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்வது நிஜ நாயின் சுபாவம், அது அப்படியே ஒரு சக்தியாகிவிட்டது. குணத்திலிருந்து சக்தி முளைப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது நான் உங்களிடம் சண்டையே போடத் தயாராக இருக்கும் இடத்துக்கு வருகிறேன்: மூக்கு.

சக்தி கிடைத்த மறுகணமே உங்கள் நாய்கள் முகர்வதை விட்டுவிடுகின்றன. இது எனக்குப் புரியவே இல்லை. நிஜ நாயின் மூக்கே ஒரு சூப்பர் ஹீரோ சக்தி. மனித மூக்கில் வாசனையை உணரும் ஏற்பிகள் சுமார் 60 லட்சம். நாய்க்கு 30 கோடி வரை இருக்கலாம். மூச்சாக உள்ளே போகும் காற்றில் ஒரு பங்கு, முகர்வதற்கென்றே உள்ள பகுதிக்குத் தனி வழியில் பிரிந்து போகிறது. வெளியே விடும் காற்று நாசியின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் போவதால், முன்னால் இருக்கும் வாசனை கலையாமல் தொடர்ந்து முகர முடிகிறது. இரண்டு நாசித் துளைகளும் தனித்தனியே காற்றை எடுப்பதால் வாசனை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் பிரித்தறிகிறது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இதில் மலைபோலக் கதை கிடக்கிறது. வாசனைக்கு வயது உண்டு. புதிதாகப் பட்டது அழுத்தமாக இருக்கும், பழையது மங்கியிருக்கும். ஒரு தெருமுனையில் நிற்கும் நாய்க்கு, சற்று முன் யார் போனார்கள், நேற்று யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் தெரியலாம். கடந்த காலம் அதற்கு முடிந்துபோவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. நேற்றைப் பார்க்கிற சக்தி! அதற்கு விண்கல் தேவையில்லை, மாயக்கல் தேவையில்லை. அதைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று கேட்பீர்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் ஓவியர்களின் வேலை, உங்களால் முடியும். நாய்க்கு நீலமும் மஞ்சளும் தெரிகிற அளவுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. அந்த நாய் முகரும்போது மட்டும் உலகம் நீலத்திலும் மஞ்சளிலும் கரைந்து, முந்தைய நாள் அங்கே இருந்தவர்கள் புகைபோல எழுந்தால் எப்படி இருக்கும்?

அந்தச் சக்திக்கு ஏற்ற குணத்தையும் யோசித்துப் பாருங்கள். நேற்றைப் பார்க்க முடிகிற நாய் எளிதில் எதையும் மறக்காது. மன்னிக்கவும் கஷ்டப்படும். ஒரு பொய்யையும் அதனிடம் சொல்ல முடியாது. நண்பன் பயந்திருக்கிறான் என்பது அவன் வியர்வையிலேயே தெரிந்துவிடும், அவன் அதை மறைக்க விரும்பினாலும். தெரிந்த உண்மையை எப்போது சொல்வது, எப்போது சொல்லாமல் இருப்பது என்பது அந்த நாயின் வாழ்நாள் போராட்டமாகிவிடும். இப்படி ஒரு நாயைக் குழுவின் நடுவில் விட்டால் மற்ற ஐந்து பேருடைய கதையும் தானாக மாறும்.

காதுக்கும் இதே நியாயம்தான். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை. ட்ராக்கர் என்கிற சிவாவா குட்டிக்குப் பெரிய காதும் கூர்மையான செவியும் கொடுத்திருந்தீர்கள், சந்தோஷம். காட்டுக் கொடிகளை ஏவும் சக்தி கிடைத்த பிறகு அந்தக் காது இரண்டாம் இடத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்தியே இல்லாத நாயும் குழுவில் வேண்டும் என்பது என் அடுத்த கோரிக்கை. பேட்மேனின் நாய் ஏஸ் 1955இலிருந்து இருக்கிறான். பறக்க மாட்டான், கண்ணால் சுட மாட்டான். பயிற்சியும் பொறுமையும்தான் அவனிடம் இருப்பவை. க்ரிப்டோ தொடரில் அவன் வரும்போதெல்லாம் க்ரிப்டோவே இன்னும் சுவாரஸ்யமாகிறான், ஏனென்றால் எல்லாம் முடிகிறவன் பக்கத்தில் யோசித்துச் செய்கிறவன் நிற்கிறான். மைட்டி மூவியில் லிபர்ட்டிக்கு மற்றவர்களுக்குக் கிடைத்ததுபோல உடனே சக்தி தெரியவரவில்லை. எல்லோரும் பறந்துகொண்டும் பாய்ந்துகொண்டும் இருக்க, தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவள் ஒவ்வொன்றாக முயன்று பார்க்கிறாள். அந்தப் படத்தில் என் மனதைத் தொட்ட இடங்களில் அது ஒன்று. கடைசியில் ரப்பர்போல நீளும் சக்தி அவளுக்கு வருகிறது. அவள் டாஷ்ஹுண்ட், நீண்ட உடம்புக்காரி, ஆகவே நீளட்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அந்த இனத்தை மனிதர்கள் வளர்த்தெடுத்தது வளைக்கரடியை அதன் வளைக்குள்ளேயே போய் எதிர்கொள்வதற்காக. இருட்டில், இறுக்கமான சுரங்கத்தில், எஜமானின் குரல் எட்டாத இடத்தில், தானே முடிவெடுத்துப் பின்வாங்காமல் நிற்கிற பிடிவாதம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. நீளமான முதுகைவிட அந்தப் பிடிவாதம்தான் லிபர்ட்டிக்குப் பொருத்தமான ஊற்று என்பது என் எண்ணம்.

பொம்மைகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். பா பேட்ரோலைத் தயாரிக்கும் ஸ்பின் மாஸ்டர் அடிப்படையில் பொம்மை நிறுவனம். புதுச் சக்தி வந்தால் புது உடுப்பு, புது வண்டி, புதுப் பொம்மை என்று போவதை நான் குற்றமாகச் சொல்ல வரவில்லை. குழந்தைகள் அந்தப் பொம்மைகளை வைத்து மணிக்கணக்கில் விளையாடுகிறார்கள், அது நல்ல விளையாட்டு. ஆனால் அவர்கள் எப்படி விளையாடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். மார்ஷல் பொம்மையை எடுத்ததும் முதலில் அவனைக் கீழே விழ வைக்கிறார்கள். ராக்கியைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோய், வேண்டாம் வேண்டாம் என்று கத்த வைக்கிறார்கள். குணம் தெரிந்த பொம்மைக்குத்தான் கையில் உயிர் வருகிறது. அவசரமாகச் சேர்த்த ஏழாவது, எட்டாவது, பத்தாவது உறுப்பினருக்கு என்ன குணம் என்று தெரியாததால், அந்தப் பொம்மைகள் கூட்டத்தில் நிற்கும் ஆட்களாக மட்டும் இருந்துவிடுகின்றன. வியாபாரக் கணக்கிலும் குணத்துக்கு மதிப்பு உண்டு என்பதை உங்களுக்குப் பணம் தருகிறவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

பெண் நாய்கள் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். முதல் ஆறு பேரில் ஸ்கை ஒருத்தி மட்டுமே பெண். எவரெஸ்ட், லிபர்ட்டி, எல்லா என்று பிறகு வந்தார்கள், நல்லது. ஆனால் ஒரே ஒரு பெண் இருக்கும் குழுவில் ‘பெண்’ என்பதே அவள் குணமாக எழுதப்பட்டுவிடும் அபாயம் இருக்கிறது. முன்கோபக்காரி ஒருத்தி, சோம்பேறி ஒருத்தி, கணக்கில் புலி ஒருத்தி என்று மூன்று பேர் இருந்தால் அந்தப் பிரச்சினை தானே தீரும்.

கடைசியாக ஒரு கதாபாத்திரத்தை உங்கள் முன் வைக்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே காது கேளாமை அதிகம் காணப்படும் நாய் இனங்களில் டால்மேஷியன் ஒன்று. ஒரு காது கேளாத குட்டிகளும் உண்டு, இரண்டும் கேளாத குட்டிகளும் உண்டு. கை அசைவுகளைப் பார்த்துக் கட்டளைகளைக் கற்றுக்கொண்டு அவை நன்றாகவே வாழ்கின்றன. நாய்கள் பொதுவாகவே மனிதன் சுட்டிக்காட்டும் திசையைப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்கள். பின்கால்களுக்குச் சக்கரம் பொருத்திய ரெக்ஸ் என்கிற நாயைப் பா பேட்ரோலின் டைனோ ரெஸ்க்யூ கதைகளில் கொண்டுவந்தவர்கள் நீங்கள், ஆகவே இது உங்களுக்குப் புதிய பாதையும் இல்லை. காது கேளாத ஒரு டால்மேஷியன் பெண் குட்டி. கூர்ந்து பார்ப்பவள், ஒருவர் பேசத் தொடங்கும் முன்பே தோளின் அசைவில் அவர் மனதைப் படிப்பவள், பின்னாலிருந்து யாராவது தொட்டால் துள்ளிக் கடிக்கப் போகிறவள், அதற்காக அப்புறம் வெட்கப்படுகிறவள். அவள் சக்தி தரையின் அதிர்வை உணர்வது. நூறு தெரு தள்ளி ஒரு சுவர் விரிசல் விடுவது அவள் பாதத்துக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் நின்று நண்பன் ‘ஓடு!’ என்று கத்துவது தெரியாது. குழு அவளுக்காகச் சைகை கற்றுக்கொள்ள வேண்டும். சேஸ் அதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுவான், ரப்பிள் பாதி மறந்துவிடுவான். மார்ஷல் பாதத்தை ஆட்டும்போதெல்லாம் நெருப்புப் பொறி பறக்கும், அதனால் அவளோடு பேசவே அவன் முதலில் தயங்குவான். தயவுசெய்து அவள் காதை எந்தக் கல்லும் குணப்படுத்த வேண்டாம்.

அவளுக்கு ஒரு பெயர் மட்டும் நான் வைக்கவில்லை. அதை உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நாய்களை உங்களைப் போலவே நேசிக்கும் ஒரு பார்வையாளர்